உத்திரமேரூரைப் பார்க்க வேண்டுமென்றால் ஏரிக்கரைக்கும் போங்கள்

வரலாறு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "குடவோலைக் கல்வெட்டைத் தவிர உத்திரமேரூரில் என்ன இருக்கிறது? அங்கே இப்போது மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? ஒரு நாள் ஒதுக்கி வந்து பார்க்கத் தகுந்த ஊர்தானா?"

தாராளமாக வாருங்கள். ஆனால் பாதி நாளைக் கோயில்களுக்குக் கொடுத்தால், மறுபாதியை ஏரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்வெட்டைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் காஞ்சிபுரம் திரும்புகிறவர்களை நான் சிறுவயதிலிருந்து பார்த்து வருகிறேன். அவர்கள் ஊரின் வாசலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழையாமல் போகிறார்கள் என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. எங்கள் கிராமம் இந்த ஏரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கிறது. பள்ளிக்கூடம், உரக்கடை, தாலுகா அலுவலகம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் எங்களுக்கு உத்திரமேரூர்தான். ஆகவே கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், காஞ்சிபுரத்திலிருந்து 30 கிலோமீட்டர். ரயில் கிடையாது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம், வந்தவாசி என்று நாலு திசையிலிருந்தும் பஸ் வந்து கூடும் ஊர். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 25,000 பேர். நிர்வாகத்தில் பேரூராட்சி, பார்வைக்கு ஒரு பெரிய கிராமம். பஸ் நிலையத்துக்கு அருகிலேயே வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அந்தக் கல்வெட்டுகள் அங்கேதான்.

இந்த ஊர் தானாக வளர்ந்ததல்ல, திட்டமிட்டு அமைக்கப்பட்டது. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் வேதம் கற்ற வைணவ அந்தணர்களுக்குக் கொடுத்த பிரமதேயம் இது. கல்வெட்டுகளில் காலியூர்க் கோட்டத்து உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்று வருகிறது. ஊரோடு ஏரியும் சேர்ந்தே பேசப்படுகிறது. அதன் பெயர் வயிரமேக தடாகம். வயிரமேகன் என்பது தந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர் என்று பலர் கொள்கிறார்கள். பாலாறும் செய்யாறும் மழைக்காலத்தில் மட்டும் பெருகி, பிறகு மணலாய்க் கிடக்கும் நிலப்பகுதி இது. பெய்கிறபோது பிடித்து வைக்காவிட்டால் தை மாதத்துக்குமேல் இங்கே பயிர் நிற்காது. தொண்டைமண்டலம் முழுக்க ஏரி ஏரியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள்.

இப்போது கல்வெட்டுக்கு வருகிறேன். முதல் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில் ஒன்று, 14ஆம் ஆட்சியாண்டில் ஒன்று. அதாவது 919, 921. இரண்டும் ஊர்ச்சபை செய்த ஏற்பாடுகள். முதல் ஏற்பாட்டின்போது தத்தனூர் மூவேந்தவேளான் என்ற அதிகாரியும், இரண்டாவதன்போது சோமாசிப்பெருமான் என்பவரும் அரசன் ஆணையோடு உடன் இருந்தார்கள். இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தி எழுத வேண்டி வந்திருக்கிறது என்றால், முதல் விதியில் எங்கோ ஓட்டை இருந்திருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஊரில் தீயவர் ஒடுங்கி நல்லவர் தழைக்க வேண்டும் என்ற நோக்கத்தைக் கல்வெட்டே சொல்கிறது. நடந்த சிக்கல் என்னவென்று அது சொல்லவில்லை. புதிய நிபந்தனைகளைப் படித்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

ஊர் 30 குடும்பாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையை மேலே வைத்துக் கட்டி, முப்பது கட்டுகளையும் குடத்தில் இடுவார்கள். சிறியவர் பெரியவர் அனைவரும் கூடியிருக்க, ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார், அதாவது பூசை செய்பவர்கள், ஒருவர் விடாமல் மண்டபத்தில் உட்கார்ந்திருக்க, அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் காணும்படி உயர்த்திக் காட்டுவார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை அவனே எடுத்துச் சபையின் எழுத்தரான மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை எப்படி வாங்க வேண்டும் தெரியுமா? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பிறகு அவன் வாசிப்பான். அங்குள்ள நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாங்கி வாசிப்பார்கள். அதன் பிறகே பெயர் ஏட்டில் ஏறும்.

அந்த விரிந்த ஐந்து விரலை நினைத்துப் பாருங்கள். விரல் மடங்கியிருந்தால் இடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்திருக்க முடியும். யாரோ ஒருவர் அதையும் யோசித்திருக்கிறார், சபையில் சொல்லியிருக்கிறார், அது கல்லில் ஏறிவிட்டது. நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது எங்கள் ஆசிரியர் வகுப்பையே இந்தக் கோயிலுக்கு நடத்திக்கொண்டு வந்து, தன் கையை அப்படி விரித்துக் காட்டினார். தேதிகளை மறந்திருந்தாலும் அந்தக் கையை நான் மறந்திருக்க மாட்டேன்.

நிபந்தனைகளும் அப்படித்தான். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், பிற்கால அளவின்படி ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகமாக, இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 919இல் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். 921இல் அதை முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாற்றினார்கள். வாரியம் என்பது ஊர் வேலையைக் கவனிக்கும் குழு. கடந்த மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரும் போகாது. அவனோடு அவன் தகப்பன், மகன், மாமனார், மருமகன், தாய்மாமன், அத்தை மகன், பெரியம்மா சின்னம்மா மக்கள், சகோதரியைக் கட்டியவன், சகோதரி மகன் என்று உறவுமுறை ஒன்றுவிடாமல் பட்டியல் நீள்கிறது. கணக்குக் காட்டாதவன் மைத்துனன் பெயரில் திரும்பி வருவான் என்பது 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது. கள்ளக் கையெழுத்திட்டவனும் தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டவனும் எந்தக் காலத்திலும் தகுதியற்றவர்கள்.

எல்லாம் முடிந்து, சபையில் உட்கார்ந்து அவர்கள் பணிக்க இதை எழுதியவன் மத்தியஸ்தன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன். சபையில் வாக்கில்லாத, எழுத மட்டுமே கடமைப்பட்ட ஒருவனுடைய பெயர் இவ்வளவு காலம் நின்றிருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாகத் தோன்றும்.

சரி, இவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் என்ன வேலை செய்தார்கள்? இதைத்தான் பலர் கேட்பதில்லை. முப்பது பேரில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். பன்னிரண்டு பேர் தோட்ட வாரியம். ஆறு பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். பஞ்சவார வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் தனியாக ஆறாறு பேர். பொன் வாரியத்தின் வேலை பொன்னின் மாற்றுப் பார்ப்பது. ஏரி வாரியத்தில் ஆறே பேர். ஆனால் அவர்கள் கையில்தான் ஊரின் உயிர் இருந்தது. ஏரியில் சேரும் வண்டலை ஆண்டுதோறும் அள்ளிக் கரையில் போடுவதற்காகப் பொன்னும் நிலமும் கொடுத்து ஏற்பாடு செய்த செய்திகள் இந்த ஊர்க் கல்வெட்டுகளில் இருக்கின்றன. தேர்தல் முறையை உலகமே பாராட்டுகிறது. எனக்கோ வண்டல் அள்ளுவதற்கு நிரந்தர நிதி வைத்த அந்த யோசனைதான் பெரிதாகத் தெரிகிறது. ஏரியை வெட்டுவதற்கு ஓர் அரசன் போதும். ஆயிரம் ஆண்டு தூர் வாருவதற்கு ஓர் ஊர் வேண்டும்.

"வாரியம்" என்ற சொல்லைக் கவனித்தீர்களா? மின்சார வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம் என்று இன்றும் தினம் சொல்கிறோம். இந்தக் கல்லில் இருக்கும் அதே சொல்தான். இன்னொரு சொல்லும் இருக்கிறது. அது மனத்தை உறுத்தும். உத்தரமேருவின் கல்வெட்டில் பன்னிரண்டு சேரிகள் வருகின்றன. அங்கே சேரி என்றால் அந்தணர்கள் குடியிருந்த பகுதி. இன்று அந்தச் சொல் எந்தக் குடியிருப்பைக் குறிக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

இதைச் சொல்லாமல் குடவோலையைப் புகழ்வது சரியில்லை. குடத்துக்குள் போன பெயர்கள் நிலமுள்ள, வேதம் படித்த, ஆண் அந்தணர்களுடையவை மட்டுமே. பெண்கள் இல்லை. ஏரிக்கு மண் சுமந்தவர்களும், சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களும் இல்லை. அவர்கள் வரலாறு வேறு ஏட்டில் இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு மாவட்டக் கலெக்டர் ட்ரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்கள் நிலமின்றிப் பண்ணையடிமைகளாய்க் கிடந்த நிலையை விரிவான அறிக்கையாக எழுதினார். அதன் விளைவாக 1892இல் அந்த மக்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. குடவோலையைப் படிக்கிற மாணவர்கள் அந்த அறிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இரண்டும் ஒரே மண்ணைப் பற்றியவை.

நடுவில் உள்ள காலத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். சோழர் தோற்ற தக்கோலப் போருக்குப் பின் இங்கே இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் பெயரிலும் கல்வெட்டுகள் வருகின்றன. பிறகு மீண்டும் சோழர், விஜயநகரம். அரசர்கள் மாறினாலும் ஊர்ச்சபை தொடர்ந்து நிலம் விற்றது, வரி பிரித்தது, கோயிலுக்கு விளக்கு வைத்தது. 18ஆம் நூற்றாண்டு கொடுமையானது. ஒரு பக்கம் செங்கல்பட்டுக் கோட்டை, மறுபக்கம் 1760 போர் நடந்த வந்தவாசி. எல்லாப் படையும் இந்த வழியாகத்தான் போயிற்று, வந்தது. 1763இல் ஆற்காட்டு நவாபு இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையோடு, கொடுத்தார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் வயல்கள் தரிசாயின. அதற்குப் பிறகு ஜாகிரின் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் முனைந்தார். வரி வர வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் நிற்க வேண்டும் என்பதை அவரும் புரிந்துகொண்டிருந்தார்.

கோயில்களில் சுந்தரவரதராஜப் பெருமாள் கோயிலைத் தவறவிடாதீர்கள். வைகுண்டப் பெருமாளுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இங்கே வருவதில்லை. மூன்று தளமாக எழும்பும் கருவறை. கீழே நின்ற கோலம், நடுவில் இருந்த கோலம், மேலே கிடந்த கோலம். கீழ்த் தளத்திலும் நடுத் தளத்திலும் மற்ற மூன்று திசைகளிலும் வேறு வேறு திருவுருவங்கள். மொத்தம் ஒன்பது மூர்த்திகள். மேல் தளத்துக்குப் படி குறுகலாகப் போகிறது. வெயிலில் நடந்து வந்து அந்தக் கல் இருட்டுக்குள் ஏறும்போது, முதலில் எண்ணெய் வாசனை வரும். அதற்குப் பிறகுதான் கண் பழகிப் பெருமாள் தெரிவார். கயிலாசநாதர் கோயிலும் பாலசுப்பிரமணியர் கோயிலும் நடந்து போகும் தூரத்தில்தான். நேரமிருந்தால் பாலாறு, வேகவதி, செய்யாறு கூடும் திருமுக்கூடலுக்கும் போய் வாருங்கள். வீரராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே இருந்த வேதபாடசாலையையும் பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையையும், அதில் வைத்திருந்த மருந்துகளையும் அங்குள்ள கல்வெட்டு ஒவ்வொன்றாக விவரிக்கிறது.

2020 டிசம்பரில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 10ஆம் தேதி டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர், தம் உரையில் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். ஊர் பெருமைப்பட்டது. அந்த வார இறுதியிலேயே இங்கே குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியின்போது கருவறைப் படிக்கட்டுக்கு அடியில் அரைக் கிலோவுக்கு மேல் தங்கம் கிடைத்தது. அதிகாரிகள் எடுத்துப்போக வந்தபோது மக்கள் தடுத்தார்கள். முன்னோர் கோயிலுக்கென்று வைத்தது, திருப்பணி முடிந்ததும் அதே இடத்தில் வைக்கப்போகிறோம் என்றார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு தங்கம் அரசுக் கருவூலத்துக்குப் போயிற்று. சட்டப்படி அதுதான் முறை, நான் மறுக்கவில்லை. ஆனாலும் பொன்னுக்கென்று தனி வாரியம் வைத்திருந்த ஊரில், பொன்னைப் பற்றி முடிவெடுக்க ஊராருக்கு இடமில்லை என்பது அன்றைக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்களை மிகவும் வருத்தியது.

இன்றைய வாழ்க்கைக்கு வருகிறேன். முப்பது குடும்பு இருந்த இடத்தில் இப்போது 18 வார்டு. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு உண்டு. பராந்தகன் காலத்துக் குடத்தில் இடம்பெறாதவர்களின் பேத்திகள் இன்று வாக்குக் கேட்டு வீடு வீடாக வருகிறார்கள். இந்த ஊரின் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த அத்தியாயம் இதுதான்.

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பஸ் நிலையத்தில் நின்றால் ஊரின் இப்போதைய பிழைப்பு தெரியும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன்களும் பஸ்களும் வந்து நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் சோற்று டப்பா. இருபது வயதுப் பிள்ளைகள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே போவார்கள். அவர்கள் போன பிறகுதான் உரக்கடைகள் திறக்கும். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுகிறவர்கள் வந்து உட்காருவார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் கல்குவாரிகள் பெருகிவிட்டன. ஜல்லி லாரிகள் சாலையைக் குழியாக்கி, ஓரத்து வயல்களில் வெள்ளைத் தூசைப் படிய வைத்துவிட்டுப் போகின்றன. மலையைக் கரைத்துச் சென்னைக்கு வீடு கட்டுகிறோம் என்றார் ஒரு லாரி ஓட்டுநர்.

இருந்தும் நெல் போகவில்லை. சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டத்தின் பெயரும் இன்னும் வாயில் புழங்குகிறது. அறுவடைக் காலத்தில் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் நெல்லைக் கொட்டிவிட்டு, தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்தபடி விவசாயிகள் அங்கேயே படுத்துக் கிடப்பார்கள். என் தகப்பனார் அப்படி ஆறு இரவு ஓரிடத்தில் கிடந்திருக்கிறார். ஏழாம் நாள் பெய்த மழையில் மூட்டைகளின் அடியில் முளை விட்டுவிட்டது. அந்த முளையை அவர் கையில் வைத்துக்கொண்டு நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது.

ஏரிக்குத் தண்ணீர் செய்யாற்றில் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. ஏரி இப்போது அரசின் நீர்வளத் துறை வசம். வாரியம் இல்லை, ஆனால் நீர்க்கட்டிகள் முற்றாகப் போய்விடவில்லை. எந்த மடைக்கு எத்தனை நாள், யார் வயலுக்கு முன், யாருக்குப் பின் என்பதை மனத்திலேயே வைத்திருக்கும் மனிதர்கள் அவர்கள். சம்பளமாக அறுவடையில் நெல் கொடுப்பது வழக்கம். எங்கள் ஊர் நீர்க்கட்டி மண்வெட்டியால் வாய்க்காலின் வாயை ஒரு சாண் அடைப்பார், நின்று பார்ப்பார், இரண்டு விரற்கடை திறப்பார். தலைமடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும். இவருக்குப் பின் இந்த வேலைக்கு யார் வருவார் என்று ஊரில் எல்லோருக்கும் கவலை இருக்கிறது. அவர் மகன் தொழிற்சாலை வேனில் போகிறான்.

எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். கல்வெட்டைத் தடவிப் பார்க்கத் தோன்றும் உங்களுக்கு. தொடாமல் பாருங்கள், எழுத்து ஏற்கெனவே தேய்ந்து வருகிறது. ஆனால் அந்த எழுத்து எதற்காக வெட்டப்பட்டதோ அந்த ஏரி இன்னும் இருக்கிறது. வண்டல் ஏறி, வேலிகாத்தான் முளைத்து, கொள்ளளவு குறைந்து, அப்படியும் ஆண்டுதோறும் வயல்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஊரைக் கல்வெட்டு ஊர் என்று மட்டும் அறிவித்துவிட்டு ஏரியைத் தூர் வாராமல் விட்டால், அந்தக் கல்லில் எழுதியதை நாம் படிக்கவே இல்லை என்றுதான் பொருள்.

வருவதென்றால் கார்த்திகையில் வாருங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்து கிழக்கு வெளுத்த ஒரு காலையாக இருக்கட்டும். வைகுண்டப் பெருமாள் கோயிலைப் பார்த்துவிட்டு, பஸ் நிலையத்தருகே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, ஏரிக்கரைக்கு நடங்கள். வேடந்தாங்கல் இங்கிருந்து தொலைவில்லை. நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் இந்தப் பக்கத்து வயல்களிலும் இரை தேடும். நல்ல மழை ஆண்டாக இருந்தால் ஏரி நிரம்பி, மிகுந்த தண்ணீர் வழியும், அதாவது கலங்கல் போகும். கலங்கல் போகும் நாளில் ஊரே அங்கே வரும். பிள்ளைகள் வேட்டியை விரித்து மீன் பிடிப்பார்கள், பாட்டிமார் குனிந்து ஒரு கை தண்ணீர் எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்வார்கள். யாராவது ஒரு பெரியவரிடம் "தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்?" என்று கேளுங்கள். மதகைப் பார்ப்பார், மேகத்தைப் பார்ப்பார், நவரைக்குப் போதுமா போதாதா என்று சொல்வார்.